ஓவர்லோடு

அன்றைக்கு அது முப்பத்தேழாவது போன். கம்பெனியின் பங்குதாரர் பிரிவில் இருந்தவள் தண்ணீர் பாட்டிலை மூடி வைத்துவிட்டு எடுத்தாள்.

"ஏம்மா, தொண்ணூறுக்கு வித்த பங்கு இன்னைக்கு அறுபதா? என்னோட ரெண்டாயிரம் பங்குல கை வச்சது யாரு?"

"யாரும் தொடலை சார். உங்க ரெண்டாயிரமும் அப்படியே இருக்கு. மொத்தம் ஒரு கோடிப் பங்கு இருந்துச்சு. போன வாரம் புதுசா அம்பது லட்சம் சேர்த்துட்டாங்க. கம்பெனி அதேதான், பிரிச்சுக்கிற ஆளுங்கதான் கூடிப்போச்சு. அதனால ஒவ்வொரு பங்கோட மதிப்பும் இறங்கிடுச்சு."

"முப்பது வருஷம் பஸ் கண்டக்டரா இருந்தவன்மா நான். அதே பஸ்ஸுல இன்னும் அம்பது பேரை ஏத்திட்டு, உன் டிக்கெட் பத்திரமா இருக்குங்கிற!"

"கிட்டத்தட்ட அப்படித்தான் சார்."

"ஏறினது யாரு? முதலாளியோட மச்சானா, மாமனாரா? ஏசியில உட்கார்ந்து பேசுற உனக்கு எங்க வயித்தெரிச்சல் எங்கம்மா புரியும்?"

மற்ற முப்பத்தாறு பேரிடமும் "மேலிடத்து முடிவு சார்" என்று சொல்லிச் சமாளித்திருந்தாள். இப்போது அதற்கும் தெம்பில்லை.

"ஸ்டாஃபுக்குக் கொடுத்தாங்க சார். ஆறு மாசச் சம்பளத்துக்குப் பதிலா. எனக்கு ஆயிரத்து நூறு பங்கு. ஒரு வருஷத்துக்கு விக்கவும் கூடாதாம்."

மறுமுனையில் குரல் இறங்கி வந்தது.

"அப்ப நீ ஃபுட்போர்டுலயா தொங்குற? கம்பியைக் கெட்டியாப் பிடிச்சுக்கம்மா."