பழைய ரூமில் புதுப் பாட்டு

முதல் ஆல்பத்தில் வீட்டு ஓனரைக் கிழிகிழியென்று கிழித்துத்தான் அந்த ராப் குழு பேர் வாங்கியது. இரண்டாவது ஆல்பத்துக்குப் பங்களாவில் உட்கார்ந்தால், பாடகன் சூறாவளிக்கு ஒரு வரிகூட வரவில்லை.

"நாம குடியிருந்த அந்தப் பழைய ரூமுக்கே போவோம்டா. கோபம் தானா வரும்."

பீட் போடும் நண்பன் மைக்கோடு பின்னால் போனான். படியெல்லாம் சாக்கடைத் தண்ணீர். குமட்டலை அடக்கிக்கொண்டான்.

கைக்குழந்தையோடு ஒரு பெண் கதவைத் திறந்தாள்.

"ஓனர் எப்படிக்கா?" என்றான் சூறாவளி.

"அவனெல்லாம் மனுஷனா? கூரை ஒழுகுதுன்னு சொன்னா அடியாளை அனுப்பறான். மூஞ்சியைக்கூடக் காட்டினதில்ல!"

"பிரமாதம்! மைக்கைப் பார்த்து இன்னொரு தடவை சொல்லுங்கக்கா."

அவள் அழுதாள். அவனும் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"கவலைப்படாதீங்க. பாட்டுல அவனை நாறடிச்சிடறேன்."

காரில் ஏறியதும் தொடையைத் தட்டினான். "ஹிட்டுடா!"

"அந்த ஓனரைப் பிடிச்சு, கூரையையாவது சரிபண்ணச் சொல்லலாம்டா" என்றான் நண்பன்.

"சரிபண்ணிட்டா மூணாவது ஆல்பத்துக்கு எங்கடா போறது? இந்தக் கட்டடத்தை நான் வாங்கிப் போட்டதே அதுக்குத்தானே!"

சாக்கடையில் அடக்கிய வாந்தி, செண்டு மணக்கும் அந்தக் காரில் வந்தது நண்பனுக்கு.