திண்டுக்கல் பூட்டு

"இது நூலகமா, இல்ல அடகுக் கடையாய்யா?"

நூலக இன்ஸ்பெக்டர் ஆத்மநாதன் போட்ட சத்தத்தில், பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர்கள் தலைநிமிர்ந்தார்கள். அலமாரிப் பூட்டைப் புதிதாகப் பார்ப்பதுபோல் ஒரு பார்வை பார்த்துவிட்டு, மறுபடி பேப்பருக்குள் புகுந்துகொண்டார்கள்.

கீரனூர் கிளை நூலகத்துக்கு இருந்ததே ஒரு கண்ணாடி அலமாரிதான். அதில் தேங்காய் அளவுக்கு ஒரு திண்டுக்கல் பூட்டு தொங்கியது. பக்கத்தில் கைகட்டி நின்றார் நூலகர் யாக்கூப்.

"போன மாசம் நூலகர்களுக்குப் பயிற்சி வகுப்பு எடுத்தேனே, முன்வரிசையில ஒக்காந்து கேட்டீரே! முதல் பாடம் என்ன?"

"அலமாரியைத் திறந்து வைக்கணும்ங்க."

"எதுக்கு?"

"சனங்க தன் கையால தொட்டு எடுத்தாத்தான் படிக்கிற ஆசை வரும்னு சொன்னீங்க."

"ஒப்பிக்க மட்டும் நல்லா வருது! நூலகச் சட்டம் வந்து பத்து வருஷமாச்சு. இன்னும் பூட்டு!"

கூட வந்திருந்த கிளார்க் திருப்பதி சிரித்தார். அதிகாரி நக்கலடித்தால் சிரித்துவைக்க வேண்டும் என்பது சர்வீஸில் அவர் கற்ற பாடம். ஆனால் இன்றைக்கு நிஜமாகவே சிரிப்பு வந்தது. வைக்கோல் போரில் படுத்த நாய் தானும் தின்னாது, மாட்டையும் தின்ன விடாது என்பார்கள். ஊருக்கு வந்த புத்தகத்தை இந்த ஆள் இப்படிக் கட்டிக் காத்து யாருக்கு லாபம்?

தோளில் இருந்த பையை மறுதோளுக்கு மாற்றினார். இன்ஸ்பெக்டரின் தோல் பை. காலையில் திருச்சியில் பஸ் ஏறியபோது லேசாகத்தான் இருந்தது. இப்போது கல்லாகக் கனத்தது. வயசாகிறது, வேறென்ன.

"காலையில குளத்தூர் போனோம்" என்றார் இன்ஸ்பெக்டர். "அலமாரி அகலத் திறந்து கிடக்கு. 'நீங்களே பாருங்க சார்'னு எங்கிட்ட விட்டுட்டு அங்க இருக்கிறவர் பாட்டுக்கு வேலையைப் பார்க்கப் போயிட்டார். அவர் நூலகர். நீர் வாட்ச்மேன்!"



"சரி, மேல்தட்டுல தடிமனா இருக்கே, அந்த வைத்தியப் புத்தகம். அதை எடும். வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பார்த்துட்டு அனுப்புறேன்."

"இங்கனயே பாருங்க சார். நாற்காலி எடுத்துப் போடுறேன்."

இன்ஸ்பெக்டரின் முகம் சிவந்துவிட்டது.

"என்னையே ஒக்காரச் சொல்றீரா? ஓய், மெட்ராஸ் டிரெய்னிங்குக்கு இந்தத் தாலுகாவுக்கு ஒரு சீட்டுதான். அதை முடிச்சாத்தான் வேலை நிரந்தரம். இல்லாட்டி என்னைக்கு வேணாலும் ஒம்மை வீட்டுக்கு அனுப்பலாம். தெரியுமில்ல?"

"தெரியும்ங்க."

"சாவியைக் கொடும். இப்பவே ஒம்ம பேரை எழுதுறேன்."

யாக்கூபின் கை இடுப்பு பெல்ட்டுக்குப் போனது. சாவியைத் தொட்டது. தொட்டபடியே நின்றுவிட்டது.

"மன்னிச்சுக்கங்க சார்."

"திருப்பதி! குளத்தூர்க்காரர் பேரை எழுதிக்கும்!"

பஸ் ஸ்டாண்டுக்குப் போன பிறகுதான் விட்டுவந்த குடை ஞாபகம் வந்தது. இன்ஸ்பெக்டர் டீக்கடையில் உட்கார்ந்துகொள்ள, திருப்பதி பையும் தோளுமாக நூலகத்துக்குத் திரும்பி ஓடினார்.

உள்ளே நுழைந்தார்.

அலமாரி அகலத் திறந்து கிடந்தது. நாலைந்து பேர் ஆளுக்கொரு தட்டைக் குடைந்துகொண்டிருந்தார்கள். பஸ் ஸ்டாண்டில் பூ விற்கும் ராசாத்தி எம்பி, அந்த வைத்தியப் புத்தகத்தையே உருவினாள்.

"பாய், புள்ளைக்கு இருமல் நிக்கல. இதைக் கொண்டுக்கிட்டுப் போயி, பாத்துட்டு நாளைக்குத் தாரேன்."

"சரித்தா. எழுதிக்கிறேன்."

திருப்பதிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "என்னய்யா நாடகம் இது! இன்ஸ்பெக்டருக்குத் தராத புத்தகம் பூக்காரிக்கா?"

பையைத் தொப்பென்று மேசையில் போட்டார். அதன் வாய் பிளந்து, உள்ளேயிருந்து தடித்த பைண்டு புத்தகங்கள் வழுக்கி வந்து விழுந்தன. மேலே கிடந்ததன் முதல் பக்கம் திறந்துகொண்டது. குளத்தூர் கிளை நூலகத்தின் முத்திரை.



"படிச்சிட்டு... திருப்பிக் கொடுத்துடுவார்" என்றார் திருப்பதி. அவர் குரல் அவருக்கே கேட்கவில்லை.

"போன வருஷம் இங்கேருந்து எடுத்துக்கிட்டுப் போனப்பவும் அப்படித்தாங்க சொன்னாரு. அப்புறம் புத்தகம் கொறையுதுன்னு எனக்கே மெமோ கொடுத்தாரு."

"அதுக்காகச் சீட்டை விடுவாங்களாய்யா? பொழப்புப் போயிருமே!"

"சீட்டு அடுத்த வருஷமும் வரும்ங்க. போன புத்தகம் வரலையே."

திருப்பதி குனிந்த தலை நிமிராமல் புத்தகங்களைப் பொறுக்கி மறுபடியும் பைக்குள்ளேயே வைத்தார். அவருக்கும் பிழைப்பு இருக்கிறதே! குடையை எடுத்துக்கொண்டு வாசல்வரை போனவர் திரும்பினார். மேசையில் பேப்பர் பறக்காமல் இருக்க, அதன்மேல் அந்தப் பூட்டு உட்கார்ந்திருந்தது.

"அப்ப, இந்தப் பூட்டு..?"

"அவரு வகுப்பு எடுக்கிறதுக்கு முந்தியிலிருந்தே, ஊர்க்காரங்களுக்கு இது தொறந்துதாங்க கிடக்கு" என்றார் யாக்கூப். "இன்ஸ்பெக்டர் வர்ற அன்னைக்கு மட்டுந்தான் பூட்டுவேன்."