பெயர் இல்லாத பதில்

“எடிட்டரம்மா, இதை எழுதினது யாருன்னு எனக்கு இப்பவே தெரிஞ்சாகணும்.”

மேலாளர் செல்போனை மேஜைமேல் வைத்தார். அந்தப் பார்சல் கம்பெனியின் அறிவிப்பு, வழிமுறை எல்லாம் எழுதித் தருவதால் அவள் எல்லாருக்கும் எடிட்டரம்மா. வேலையில் எது மனசை நோகடிக்கிறது என்று ஊழியர்களைக் கேட்கும் புதிய செயலிக்குக் கேள்விகளை எழுதியதும் அவள்தான். நடையை வைத்து ஆளைக் கண்டுபிடித்துவிடக் கூடாதே என்று, வருகிற பதிலையெல்லாம் செயலி தானே வேறு வார்த்தையில் மாற்றிப் போட்டுவிடும். ரொம்ப உடைந்துபோனவர்களுக்கு உதவி செய்ய வேண்டி வரலாம் என்பதால், பெயர் அவள் ஒருத்திக்கு மட்டும் தெரியும்.

அவர் வாசித்தார். “‘எல்லார் முன்பும் திட்டு வாங்கிய பிறகு அன்றைக்கு வேலையே ஓடுவதில்லை. தனியாகக் கூப்பிட்டுச் சொன்னால் தவறு குறையும்.’ என்னைத்தானே சொல்றான்?”

“உங்களைன்னு அதுல இல்லையே சார்.”

“மழுப்பாதீங்க. பார்சல் பிரிக்கிறானே அந்த முரடன், அவன்தானே?”

“சொல்ல மாட்டேன்.”

“எங்கிட்டயே சொல்ல மாட்டீங்களா?”

“யார்கிட்டயும் பேரைச் சொல்ல மாட்டோம்னு முதல் வரியிலயே எழுதியிருக்கேன். நான் எழுதினதை நானே பொய்யாக்கணுமா?”

“ஒண்ணு, இன்னிக்கே அவன் வேலையை விட்டுப் போகணும். இல்லேன்னா நீங்க போகணும்.”

அவளுக்குப் பயமாகத்தான் இருந்தது. வீடு ஓடுவதே அவள் சம்பளத்தில். ஆனால் பயத்தைவிடக் கோபம் பெரிதாக வந்தது. மனசைத் திறந்து சொல் என்று கேட்டுவிட்டு, சொன்னவன் கழுத்தைப் பிடிப்பது என்ன நியாயம்?

மடியில் இருந்த கணினியைத் திறந்தாள். அவர் எழுந்து எட்டிப் பார்ப்பதற்குள் அந்தப் பெயரை அழித்தாள். பிறகு கழுத்திலிருந்த அடையாள அட்டையைக் கழற்றி அவர் முன்னால் வைத்தாள்.

“நான் போறேன் சார். பேரும் என்னோட வருது.”

“வேலையே போனாலும் பரவாயில்லையா? அப்படி என்ன அவன்மேல அக்கறை?”

“பாவம் சார். வாங்கின திட்டை எங்க இறக்கி வைக்கறதுன்னு தெரியாம, கீழே இருக்கறவங்க தலையில இறக்கறார்.”

“ஆளைக் கண்டுபிடிக்காம விட மாட்டேன்!”

கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்தவளுக்கு அந்த நிலையிலும் சிரிப்பு வந்துவிட்டது. போன மாதம் முதலாளி அதிகாரிகளையெல்லாம் கூட்டி வைத்து வெளுத்து வாங்கிய அன்று, இதே அறைக்குள் தாழ் போட்டுக்கொண்டு அந்தப் பதிலைத் தட்டி அனுப்பியவர், சாட்சாத் இந்த மேலாளர்தான்.