முதல் வாய் அப்பாவுக்கு

"உலகத்துல எத்தனையோ வியாதி இருக்குது. ஆனா சந்தேகம்ங்கற வியாதி மட்டும் எங்க பரம்பரையில ஒருத்தனுக்கும் வந்ததில்ல," என்றான் மாதவராஜ். சொல்லிவிட்டு, மகள் கையிலிருந்த கொய்யாவை வாங்கி ஒரு கடி கடித்து, மென்று, விழுங்கி, நண்பன் முருகேஷ் பிடித்திருந்த செல்போனைப் பார்த்து வாயை ஆவென்று திறந்து காட்டினான்.

"சரிங்க. இப்ப பாப்பா சாப்புடலாம்," என்றது செல்போன். கட்டாகிவிட்டது.

பேசியவள் நிர்மலாதேவி, பிரிந்துபோன மனைவி. கோர்ட் அவனுக்கு ஞாயிற்றுக்கிழமைகளைக் கொடுத்திருந்தது. அதோடு நிர்மலா தன் பங்குக்கு ஒரு சட்டம் போட்டிருந்தாள். பிரிந்த ஆத்திரத்தில் பெற்ற பிள்ளைகளுக்கே விஷம் வைத்த எவனோ ஓர் அப்பனை டிவியில் பார்த்ததிலிருந்து, மகள் எழிலரசி எதைத் தின்றாலும் முதல் வாய் அப்பாவுக்கு. அதுவும் வீடியோ காலில்.

"பஞ்சுமிட்டாய்ல கூட மொத வாய் நானாம்டா! ராசாங்க காலத்துல இந்த வேலைக்குத் தனியா ஆள் வெச்சிருந்தாங்க. இவ பெத்த அப்பனையே வெச்சிருக்கா," என்று தீர்த்தமலை அடிவாரமே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தான் மாதவராஜ். "இன்னிக்கிப் பாப்பாவ வுடறப்ப நேராவே கேட்டுடறேன். இந்தச் சட்டத்த எடுக்கறியா, மறுபடியும் கோர்ட்டுக்கு வரியான்னு."

"அப்படிக் கேளு," என்ற முருகேஷ், ஆட்டோவில் சாய்ந்தபடி செல்போனில் செய்திகளைத் தள்ளிக்கொண்டே வந்து ஒன்றில் நின்றான். "அடக் கொடுமையே! வடக்க எங்கியோ இன்னொரு கேஸு. அங்கயும் புருசன் பொண்டாட்டி பிரிஞ்சவங்களாம். பால்ல வெசத்தக் கலந்து குடுத்திருக்குது. நல்லவேள, பக்கத்து வூட்டுக்காரங்க பாத்துப் புள்ளைங்களக் காப்பாத்திட்டாங்க."

"பாத்தியா? எவனோ ஒரு கிறுக்கன் பண்றதுக்கு, இங்க நான் வாயத் தொறந்து காட்டணும்."

"அவன் இல்லடா. இதுல அம்மாக்காரி."

மாதவராஜ் செல்போனை வாங்கி அந்தச் செய்தியை இரண்டு முறை படித்தான். ஆட்டோ அரூரில் நிர்மலா வீட்டுக்குக் கிளம்பியது. வழியெல்லாம் எழிலரசி மலையில் பார்த்த குரங்குகளுக்கெல்லாம் பெயர் வைத்துக்கொண்டு வந்தாள். அதில் ஒன்றுக்கு அப்பா பெயர்.

நிர்மலா வாசலிலேயே நின்றிருந்தாள். மகளைத் தலையிலிருந்து கால்வரை பார்த்துவிட்டு, "வெயில்ல சுத்திக் கறுத்துட்டா," என்றாள்.

"அம்மா, அப்பா உங்கிட்ட ஏதோ நேரா கேக்கப் போறாராம்!" என்று போட்டுக்கொடுத்தாள் எழிலரசி.

"என்னங்க கேக்கணும்?"

ஆட்டோவுக்குள்ளிருந்து முருகேஷ் செருமி உற்சாகமூட்டினான்.

"அது... ஒன்னுமில்ல. அடுத்த வாரம் பாத்துக்கலாம்."

நிர்மலா உள்ளே போய் ஓர் எவர்சில்வர் டம்ளரோடு வந்தாள். டம்ளரின் வெளிப்பக்கம் முத்து முத்தாக வேர்த்திருந்தது. எழிலரசி இரண்டு கையாலும் வாங்கி வாய்க்குக் கொண்டுபோனாள். குறுக்கே ஒரு கை வந்தது.

"இரு பாப்பா, சூடா இருக்கப்போவுது. அப்பா பாத்துட்டுத் தரேன்."

மாதவராஜ் ஒரு மடக்கு குடித்தான். நாக்கிலேயே வைத்து யோசித்தான். எதற்கும் இருக்கட்டும் என்று இன்னொரு மடக்கும் குடித்தான்.

நிர்மலா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். எழிலரசி டம்ளரைப் பிடுங்கினாள்.

"ஐஸ் போட்ட மோருப்பா அது!"