மச்சானுக்கு ஒரு வேலை

"என்னய்யா, உன் மச்சான் இதோ வர்றான், அதோ வர்றான்னு சொன்னே. பொழுதே சாஞ்சுடுச்சு, ஆளையே காணோமே?"

லேத் பட்டறை முதலாளி அத்தனை பேர் முன்னாலும் கேட்டுவிட்டார். மிஷினை நிறுத்திய கையோடு கிளம்பிய லேத்காரர், வீட்டு வாசலில் வந்துதான் மூச்சு விட்டார். துணிக்கடை வேலை முடிந்து அவர் மனைவியும் அப்போதுதான் வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

"உன் தம்பி எங்கே?"

"பட்டறைக்கு வந்திருப்பானே?"

"வந்திருப்பான், கனவுல."

அந்த வீட்டில் அவள் தம்பிக்குத் தூங்குமூஞ்சி என்று பெயர். வைத்தது லேத்காரர்தான், பொருத்தம் பார்த்துத்தான் வைத்தார். வாட்ச்மேன் வேலையில் தூங்கியதைக்கூட மன்னித்துவிடலாம். மெத்தைக் கடையில், வாங்க வந்தவர்கள் கண்ணெதிரிலேயே கட்டிலில் ஏறித் தூங்கிவிட்டான்.

காலையில் கறாராகச் சொல்லிவிட்டுத்தான் போயிருந்தார். "இன்னைக்கு நீ முதலாளியைப் பார்க்கலைன்னா, சாயங்காலம் உன் பையோட வெளியே போயிடணும். அக்கா அழுதாலும் சரி."

உள்ளே ஒரே இருட்டு. மனைவி சுவிட்சைத் தட்டினாள். எரியவில்லை.

"ஐயோ, கரண்ட் இல்லையா?" லேத்காரர் டார்ச்சை எடுத்துக்கொண்டு சமையலறை மூலைக்கு ஓடினார்.

அங்கேதான் அவருடைய உயிர் இருந்தது. அடைகாக்க ஒரு தெர்மாகோல் பெட்டி, உள்ளே சூட்டுக்கு ஒரு பல்பு, ஒரு கிண்ணம் தண்ணீர், வாத்து முட்டைகள். பட்டறைக்குப் பின்னால் தாய் வாத்தை நாய் கவ்விக்கொண்டு போக, அநாதையாகக் கிடந்த முட்டைகள். பெற்ற பிள்ளைக்குக்கூட அவர் அப்படிக் கண் விழித்ததில்லை என்பாள் மனைவி. நேற்று டார்ச் அடித்துப் பார்த்தபோது உள்ளே குஞ்சுகள் அசைந்தன. இன்றோ நாளையோ ஓடு உடைய வேண்டியது.

பெட்டி திறந்து கிடந்தது. கிண்ணம் இருந்தது, முட்டை ஒன்றுகூட இல்லை.

குப்பைக்கூடையில் முட்டை ஓடுகள் கிடந்தன.

"ஆம்லெட் போட்டுத் தின்னுட்டான்" என்றார் லேத்காரர்.

"அது காலையில நான் போட்டதுங்க. கோழி முட்டை. குஞ்சு இருக்கிற முட்டையை யாராவது திம்பாங்களா?"

"உடைச்சுப் பார்த்தாத்தானே குஞ்சு இருக்கிறது தெரியும்? உன் தம்பி எந்தக் காலத்துல முழுசாக் கண்ணைத் திறந்திருக்கான்?"

அவள் குப்பைக்கூடையை இன்னொரு முறை கிளறிப் பார்த்தாள். தம்பியை அவளுக்குத் தெரியாதா?

அறைக்குள் அவன் படுத்திருந்தான். இந்தப் புழுக்கத்தில் இரண்டு போர்வை. முகம் மட்டும்தான் வெளியே தெரிந்தது.

லேத்காரர் கொடியிலிருந்த அவன் சட்டைகளை உருவிப் பையில் திணித்தார். பிறகுதான் வாய் திறந்தது. திறந்தது மூடவில்லை. சோறு, சொரணை, வளர்ப்பு என்று வரிசையாக வந்தது.

"மாமா, கொஞ்சம் மெதுவாப் பேசுங்களேன்."

"ஏன், துரைக்குத் தூக்கம் கெடுதோ?"

"எழுந்திரிடா. மாமாகிட்ட மன்னிப்புக் கேளுடா" என்று அக்கா அழுதாள்.

"எழுந்திரிக்க முடியாதுக்கா."

அவ்வளவுதான். லேத்காரர் போர்வையைப் பிடித்து இழுத்தார்.

தூங்குமூஞ்சி ஒருக்களித்து, முழங்காலை மடக்கிப் படுத்திருந்தான். வயிற்றோடு ஒட்டி, கைகளின் அணைப்புக்குள், முட்டைகள் எல்லாம் இருந்தன. தலையணை வியர்வையில் ஊறிப்போயிருந்தது.

"மூடுங்க மாமா, சூடு போயிடும். ஒண்ணு உள்ளேயிருந்து கத்த ஆரம்பிச்சிடுச்சு."

லேத்காரர் கை தானாகப் போர்வையை இழுத்து மூடியது.

"பட்டறைக்குத்தான் கிளம்பினேன் மாமா. செருப்பு மாட்டும்போது தெருமுனை டிரான்ஸ்ஃபார்மர் வெடிச்சிடுச்சு. கரண்ட் வர ராத்திரி ஆகும்னாங்க. பெட்டி ஆறிக்கிட்டே வந்தது. எனக்கு வேற வழி தெரியலை."

"ஒரு போன் பண்ண வேண்டியதுதானே?"

"போன் ஹால்ல இருக்கு. எழுந்தா இதுங்க உருண்டுடுமே. சாப்பிடப் போகலை, பாத்ரூம்கூடப் போகலை. சத்தியமா தூங்கவும் இல்ல மாமா. புரண்டா நசுங்கிடும்னு கண்ணை மூடவே பயமா இருந்தது."

"வேலை போச்சேடா, மடையா."

"வேலைக்குப் போகலைன்னா திட்டுவீங்க. அது பழக்கம்தானே? போன தடவை ஒரு முட்டைகூடப் பொரிக்கலைன்னு ஒரு வாரம் யார்கிட்டயும் பேசாமக் கெடந்தீங்களே, அதுதான் மாமா தாங்கலை."

லேத்காரர் பையைக் கீழே வைத்தார். கட்டிலின் மறுபக்கம் ஏறி, சட்டைப் பொத்தானைக் கழற்றிவிட்டு, அவனைப் போலவே முழங்காலை மடக்கிப் படுத்தார்.

"ஒவ்வொண்ணா இந்தப் பக்கம் தள்ளு. பார்த்து. நீ முதல்ல பாத்ரூம் போ, அப்புறம் சாப்பிடு."

கடைசி முட்டை கை மாறியதும் தூங்குமூஞ்சி ஓடிய ஓட்டத்தை அந்த வீடு அதற்குமுன் பார்த்ததில்லை.

போன் அடித்தது. மனைவி எடுத்துக் கேட்டுவிட்டு, போனின் வாயைக் கையால் பொத்திக்கொண்டு வந்தாள். "உங்க முதலாளிங்க. தம்பி ஏன் வரலைன்னு கேட்கிறார். என்ன சொல்ல?"

லேத்காரர் அசையாமல், உதடு மட்டும் அசைய, மெதுவாகச் சொன்னார்.

"அவன் காலையிலேயே வேலையில சேர்ந்துட்டான்னு சொல்லு. நாளைக்கு எனக்கு லீவு வேணும்னும் சொல்லு."