முதல் கூடை

“ஏனுங்க அம்மணி, வானத்துல என்ன ரோடா போட்டிருக்குது? அப்படியே என்ற மில்லு மேல ஒரு சுத்து சுத்திட்டுப் போனா யாரு கேக்கப் போறாங்க?”

திருப்பணிக் குழுத் தலைவர் கிருபாசங்கர் பட்டு வேட்டியை ஒதுக்கிக்கொண்டு ஹெலிகாப்டரின் பின்சீட்டில் உட்கார்ந்தார். காலடியில் இரண்டு கூடை நிறைய ரோஜா இதழ்கள். உடுமலைப்பேட்டை அருகே அவருடைய ஊரில் அன்று கும்பாபிஷேகம். கலசத்தில் தீர்த்தம் ஊற்றும் நேரத்தில் அவர் கையால் கோபுரத்தின் மேல் பூமாரி பொழியும் என்று ஊர் முழுக்க பிளெக்ஸ் வைத்தாகிவிட்டது.

பெங்களூரிலிருந்து ஹெலிகாப்டரை ஓட்டி வந்திருந்த கேப்டன் எழில் பெல்ட்டை இறுக்கினாள்.

“விமானப்படை கேக்கும் சார். பக்கத்துல சூலூர் விமானத்தளம். எந்த வழியா போறோம், எங்கே சுத்துறோம், எங்கே பூ போடுறோம், எல்லாம் எழுதிக் கொடுத்துத்தான் அனுமதி வாங்கியிருக்கு. உங்க மில் அதுல இல்லை.”

“எம்.எல்.ஏ. நம்ம பையன்தானுங்க.”

“ரேடாருக்கு அவரைத் தெரியாது சார்.”

சிரித்துக்கொண்டே முன்னால் எட்டிப் பார்த்தார் கிருபாசங்கர். திரையில் இருந்த வழியைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

“இதென்னங்க, முதல் கூடை கீழ்க்காலனி மேல? அவங்கெல்லாம் கோயிலுக்கு வெளியே நின்னு கும்பிட்டுட்டுப் போற சனம்.”

“அனுமதி அப்படித்தான் சார். முதல் கூடை அங்கே, அடுத்தது கோபுரத்துல.”

“ரெண்டையும் கோபுரத்துலயே கொட்டிப்போடலாமுங்க.”

“பிளானை மாத்தினா மறுபடியும் அனுமதி கேக்கணும். மதியம் ஆயிடும்.”

“எந்தக் கூறுகெட்டவன் போட்ட பிளானுங்க இது?”

“விதிப்படி போட்டது சார். கிளம்பலாமா, வேண்டாமா?”

அவருடைய செல்போன் அலறியது. “தலைவரே, தீர்த்தக் குடம் கோபுரம் ஏறிருச்சுங்க. எங்க இருக்கறீங்க?”

கிருபாசங்கர் பல்லைக் கடித்தார். “போலாமுங்க.”

சில நிமிடங்களில் கீழே காலனியின் தொகுப்பு வீடுகள் தெரிந்தன. சந்து முழுக்க ஜனங்கள் அண்ணாந்து நின்றார்கள்.

“இப்ப சார்.”

முகத்தைத் திருப்பிக்கொண்டு கூடையைக் கவிழ்த்தார். இதழ்கள் மொட்டைமாடிகளிலும் தண்ணீர் டேங்கிலும் துணிக்கொடிகளிலும் விழுந்தன. பெண்கள் முந்தானையை விரித்துக்கொண்டு ஓடினார்கள். அடுத்த கூடை கோபுரத்தின் மேல் பொழிந்தது.

பள்ளி மைதானத்தில் இறங்கியதும் கிருபாசங்கருக்கு மாலை போட்டுத் தூக்கிக்கொண்டு போனது கூட்டம். எழில் என்ஜினை நிறுத்திவிட்டு, அடித்துக்கொண்டிருந்த தன் போனை எடுத்தாள்.

“இன்னிக்குப் பாத்து நீ ஊர்ல இல்லியே கண்ணு,” மறுமுனையில் அவள் அம்மா பொற்கொடிக்கு மூச்சு வாங்கியது. “நம்ம காலனிக்குத்தான் முதல் பூவு. அந்தக் கிருபாசங்கரு தன் கையாலயே கொட்டுனாரு. நம்மளைப் படியேற விடாத மனுசனுக்கு எப்படித்தான் மனசு மாறுச்சோ.”

“மனசெல்லாம் மாறலைம்மா,” என்றாள் எழில். “பிளானைப் போட்டது நானு.”