குச்சனூர் சனிக்கிழமை

அம்மா மாதம் ஒரு சனிக்கிழமை குச்சனூர் கோயிலுக்குப் போவாள். அன்று அவள் கிளம்பியதும் நான் தேனி ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏறினேன்.

எனக்குப் பத்தொன்பது வயது. கல்லூரித் தோழியோடு ஒரே ஒரு நாள். ஆறு வாரமாகத் தூக்கமில்லை.

“ஹெச்.ஐ.வி. இல்ல தம்பி,” என்றார் ஆலோசகர். “பாதுகாப்பாத்தான இருந்திருக்க? மனசு கேக்கலைன்னா மூணு மாசம் முடிஞ்சு இன்னொருக்கா பாத்துக்க.”

“வீட்டுல சொல்லிறாதீகக்கா.”

“இங்கன வர்ற யாரப் பத்தியும் வெளிய சொல்ல மாட்டோம்.”

துள்ளிக்கொண்டு பரிசோதனை அறையை விட்டு வெளியே வந்தேன். எதிரே, ஹெச்.ஐ.வி. மாத்திரை வாங்கும் வரிசையில், அர்ச்சனைக் கூடையோடு அம்மா.

பயத்தில் தலைகுனிந்தேன். அவளோ என் கையைப் பிடித்து அழுதாள்.

“யாருய்யா ஒனக்குச் சொன்னது? எங்கிட்டருந்து ஒனக்கு ஒட்டலைன்னு பெறந்தப்பவே சொன்னாகளேய்யா!”